அரிப்புக் கடலும் மூச்சின் அளவையும்

மூச்சு நின்றால் உயிர் நின்றது என்பதை உலகம் தொன்றுதொட்டு அறியும். நாடி பார்த்தலும், நாசியின்கீழ்க் கைவைத்து மூச்சுண்டோ எனச் சோதித்தலும் எல்லா நாட்டு மருத்துவருக்கும் பொதுவான பழக்கங்கள். ஆயினும், ஒருவன் விடும் மூச்சு அவனுக்குப் போதுமானதா என்பதை அளந்தறியும் ஆற்றல் மனிதனுக்கு மிக அண்மைக் காலத்திலேயே கிட்டியது. இன்று பெரிய வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சைக்கூடங்களிலே, நோயாளி வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் கரியமிலவாயு எவ்வளவு என்பதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவிகள் உள்ளன. இவற்றின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும் இலண்டனிலும் கொப்பன்ஹேகனிலும் தொடங்குவர். நாம் மன்னார்க் கரையிலுள்ள அரிப்பிலிருந்து தொடங்குவோம். மனித மூச்சின் எல்லை எது என்னும் வினா நூற்றாண்டுகளாகப் பலர் கண்முன் எழுந்து, பலவாறு விடை கூறப்பெற்ற இடம் அதுவாதலின் என்க.

அரிப்பு, மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், முசலிப் பகுதியில் அமைந்த சிற்றூர். சிங்களத்தில் மல்வத்து ஓயா எனவும் தமிழில் அருவியாறு எனவும் வழங்கும் ஆறு இதனை அடுத்துக் கடலொடு கலக்கின்றது. தெற்கே சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி ஆகிய ஊர்கள் வரிசையாக உள்ளன. கரை வறண்டது, மணலும் முட்புதரும் மிக்கது. இவ்வறட்சிக்கு எதிரே, கரையிலிருந்து சில காததூரத்தில், கடலடியில் முத்துச்சிப்பிகள் படியும் பார்கள் பரந்து கிடக்கின்றன. மன்னார்க் குடாவின் முத்தைக் கிறித்துவுக்குப் பிற்பட்ட முதலாம் நூற்றாண்டிற் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிய பெரிப்புளூசு என்னும் நூலும் குறிக்கின்றது. எதிர்க்கரையிலுள்ள கொற்கையில் முத்துக்குளிப்போர் மரணதண்டனைக்குரிய குற்றவாளிகள் என அந்நூல் கூறுதல் நோக்கற்பாலது. மூழ்குதல் எத்துணை ஆபத்தான தொழிலாகக் கருதப்பட்டது என்பதற்கு அதுவே சான்று.

போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் ஒல்லாந்தரும் இக்கரையைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். 1796 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கைப்பட்டதும், முதல் மூன்றாண்டுகளிலேயே முத்துச் சலாபங்கள் அடுத்தடுத்து நடத்தப்பட்டன. முதலாவது தேசாதிபதியாகிய பிரெடரிக் நோர்த், சலாபக் காலத்தில் தாம் தங்குதற்பொருட்டு, 19 ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அரிப்புக் கடலோரத்தில் மாளிகை ஒன்றை எழுப்பினார். கிரேக்கரின் டோரிக்குத் தூண்முறையைத் தழுவி எழுந்த அம்மாளிகையைக் கடல் இன்று மெல்ல மெல்ல அரித்துவருகின்றது. ஊரார் அதனை அல்லிராணி கோட்டை என்பர். அல்லியின் பெயர் கதைவழி வந்தது, கட்டியவர் நோர்த்தே. கதைக்கும் சான்றுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை இங்கே நினைவிற் கொள்ளுதல் நன்று. அரிப்பின் கட்டடத்துக்கு நேர்ந்ததே அரிப்பில் மூழ்கியோரின் மூச்சுக்கும் நேர்ந்தது.

சலாபம் நடந்த முறையைச் சிறிது காண்போம். சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. சிப்பிகள் முதிர்ந்த ஆண்டுகளில் மட்டும், பங்குனி சித்திரை மாதங்களில், கடல் அமைதியாயிருக்கும்போது அது நடைபெறும். இரவில் அரிப்பிலிருந்து பீரங்கி முழங்கும். தரைக்காற்றின் துணையால் தோணிகள் பாரை நோக்கிப் புறப்பட்டு, விடியற்காலையில் அங்குச் சேரும். தோணி ஒன்றில் தண்டையலோடு ஏறக்குறைய இருபதுபேர் இருப்பர் என றொபேட் பேர்சிவல் 1803 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிற் கூறுகின்றார். அவருள் பத்துப்பேர் மூழ்குவோர். ஒரு முறைக்கு ஐவராக மாறிமாறி இறங்குவர். மற்றையோர் தண்டுவலிப்பவரும், மூழ்கியவரை மேலே இழுப்பவரும் ஆவர். நண்பகலுக்குப்பின் கடற்காற்று எழத் தோணிகள் கரைநோக்கித் திரும்பும்.

மூழ்குவோன் கயிற்றிற் கட்டிய கனமான கல்லைக் கால்விரல்களாற் பற்றிக்கொள்வான். சிப்பி அள்ளும் வலைப்பையை மற்றக் காலில் மாட்டிக்கொள்வான். ஒரு கையால் வேறொரு கயிற்றைப் பிடித்து, மறு கையால் மூக்கைப் பொத்தி, மூச்சை உள்ளடக்கி, கல்லின் பாரத்தாற் கடலடிக்கு விரைந்து செல்வான். அங்கே கைக்கெட்டியவற்றையெல்லாம் வாரிப் பையில் இட்டபின், கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் நிற்பவன் அவ்வசைவைக் கையால் உணர்ந்து, தாமதியாது இழுத்துக்கொள்வான். ஒரு நாளில் ஒருவன் நாற்பது ஐம்பது முறைவரை இவ்வாறு மூழ்குவான். சுறாவுக்கு மந்திரங்கட்டும் கடல்கட்டி இல்லாமற் கடலில் இறங்க மூழ்குவோர் மறுத்தனர். ஆங்கில அரசும் அவருக்குச் சம்பளம் கொடுத்துவந்தது. ஆயினும், மூழ்கியவனின் உயிரை உண்மையாகக் காத்துநின்றது கயிறு பிடித்தவனின் கையே. கடலடியில் இருப்பவன் நலமா, இடரில் உள்ளானா என்பதைக் கரைக்கு மேலுள்ளோர் அறிதற்கு அக்காலத்தில் இருந்த கருவி அஃதொன்றே.

இனி, அவன் கீழே எவ்வளவு நேரம் மூச்சடக்கினான் என்பது வினா. இதற்கு வரலாற்றாசிரியர் தரும் விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தல் வேண்டும். 14 ஆம் நூற்றாண்டிற் பயணஞ்செய்த இபுன் பத்தூத்தா, பாரசீகக் குடாவில் மூழ்குவோர் ஒரு மணி நேரமும் இரண்டு மணி நேரமும் நீருள் இருப்பர் என எழுதினார். 17 ஆம் நூற்றாண்டில் இலங்கையிற் படைத்தலைவராயிருந்த போர்த்துக்கேயர் யுவான் இறிபைரோ, கத்தோலிக்கரின் விசுவாசப் பிரமாணத்தை இரண்டு தடவை சொல்லி முடிக்கும் நேரம் என்றார். 1797 ஆம் ஆண்டுச் சலாபத்தை நேரிற் கண்டு எழுதிய லெபெக், காரைக்காலைச் சேர்ந்த ஆபிரிக்கச் சிறுவன் ஒருவன் ஏழு நிமிடம் மூழ்கியிருந்ததாகக் குறித்தார். பேர்சிவல், வழக்கமாக இரண்டு நிமிடம் என்றும், சிலர் நான்கு ஐந்து நிமிடம் என்றும், அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவன் முழுமையாக ஆறு நிமிடம் இருந்தான் என்றும் கூறினார்.

இக்கூற்றுக்களுக்கு மாறாக நிற்பது ஜேம்ஸ் ஸ்ரூவாட் என்பாரின் சான்று. இவர் முத்துப்பார்களின் மேற்பார்வையாளராகப் பல ஆண்டு பணியாற்றியவர். மன்னாரில் மூழ்கிய எவனும் 87 செக்கனுக்கு மேல் அடியில் இருந்ததைத் தாம் கண்டதில்லை என்றும், 13 பாகத்துக்கு மேற்பட்ட ஆழத்தை எவனும் எட்டியதில்லை என்றும், ஒன்பது பாக நீரிற் சாதாரணமாக 55 செக்கனை மீறுதல் அரிது என்றும் அவர் உறுதிப்படுத்தினார். இச்சான்றினை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1859 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், முன்னையோர் கூற்றுக்களுக்கு அருகே வைத்துப் பதிவுசெய்தார்.

இரண்டு மணி, ஏழு நிமிடம், ஆறு நிமிடம், 87 செக்கன். எண்கள் எவ்வாறு சுருங்கிவருகின்றன என்பதைக் காண்க. மனிதர் வலுக்குன்றியதால் வந்த சுருக்கமன்று இது. கேள்விக்கும் வியப்புக்கும் பதிலாகக் கடிகாரம் வந்ததனால் வந்த சுருக்கம். ஒருமுறை ஒருவனைக் கண்டு வியந்து எழுதிச் செல்பவனுக்கும், ஆண்டுதோறும் பலநூறு பேரைக் கண்டு நேரம் குறிப்பவனுக்கும் உள்ள வேற்றுமை அது. இறிபைரோ கூறியது செபத்தின் அளவேயாயினும் அதுவும் ஓர் அளவையே. எனவேதான் அவர் கூற்று, கடிகாரம் கண்ட உண்மைக்குப் பேர்சிவலின் கூற்றைவிட அண்மையில் நிற்கின்றது.

அளவை, எல்லை எது என்பதைக் காட்டிற்று. எல்லை ஏன் என்பதைக் காட்டவில்லை. ஒரு நிமிடத்தின்மேல் மூழ்கியவனை மேலே தள்ளும் அவ்வடக்கவொண்ணாத உந்தல் யாது? பிராணவாயு தீர்ந்துபோதலே காரணம் என்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. அதனை அறிதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலான ஆராய்ச்சி வேண்டியிருந்தது.

1750 களில் ஸ்கொத்லாந்து நாட்டு அறிஞர் யோசப் பிளாக், சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் ஒருவகைக் காற்று வெளியேறுகின்றது என்றும், மனிதன் வெளிவிடும் மூச்சிலும் அதே காற்று உள்ளது என்றும் கண்டார். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதினால் நீர் பால்போல வெண்மையாதல் நம் மாணவர் அனைவரும் வகுப்பறையிற் கண்ட சோதனையே. பாடநூல்கள் காபனீரொட்சைட்டு எனவும், பழைய வழக்குக் கரியமிலவாயு எனவும் கூறுவது இதனையே. மன்னார்ச் சிப்பியின் ஓடும், அதனுள் விளையும் முத்துங்கூடப் பெரும்பாலும் சுண்ணாம்பும் இவ்வாயுவும் கூடிய பொருளே. மூழ்கியவன் தேடிச் சென்ற பொருளுள்ளும், அவனை மேலே துரத்திய உந்தலுள்ளும் இருந்தது ஒரே வாயு. பின்னர்ப் பிரான்சு தேசத்து இலவாசியே, உடலினுள் நிகழ்வது மெதுவான எரிதலே என்றும், பிராணவாயு செலவாகிக் கரியமிலவாயு பிறக்கின்றது என்றும் நிறுவினார்.

அரிப்புக் கரையின் மிகப்பெரிய சலாபங்களுள் ஒன்று 1905 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. 1891 ஆம் ஆண்டுக்குப்பின் பதினோராண்டு சலாபமே இல்லாதிருந்து, 1903 இல் மீண்டும் தொடங்கிய வரிசையில் அது மூன்றாவது. அவ்வாண்டில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 25 இலட்சம் ரூபாய். மறிச்சுக்கட்டியில் மணலின்மேல் ஒரு நகரமே எழுந்து, சலாபம் முடிந்ததும் மறைந்தது. சிப்பியின் வாழ்வை ஆராயும்படி இலிவர்ப்பூலிலிருந்து வரவழைக்கப்பட்ட பேராசிரியர் ஹெர்ட்மன் எழுதிய அறிக்கை ஐந்து பகுதிகளாக 1903 முதல் 1906 வரை வெளிவந்தது. சிப்பியை அளந்த அப்பெருநூலின் நோக்கம் மூழ்குவோனின் மூச்சை அளத்தலன்று. 1906 ஆம் ஆண்டுச் சலாபத்திற் கடமையாற்றிய இளம் அதிகாரி இலெனாட் வூல்ப், மூழ்கும்போது இறந்த அராபியர் ஒருவரின் உடலைத் தோழர் கரைக்குச் சுமந்துவந்த காட்சியைத் தமது தன்வரலாற்றில் எழுதிவைத்தார்.

அதே 1905 ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டில் ஹோல்டேன், பிரீஸ்ற்லி என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூச்சை விரைந்து முழுவதும் நீண்ட குழாயொன்றில் ஊதச்செய்து, அதன் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துச் சோதித்தால், அது சுவாசப்பையின் சிற்றறைகளில் உள்ள காற்றின் தன்மையைக் காட்டும் என்று அவர்கள் கண்டனர். அக்காற்றிற் கரியமிலவாயு ஏறக்குறைய மாறாதிருப்பதும், அது நூற்றுக்கு 0.2 பங்கு மட்டும் கூடினாலே மூச்சுவிடும் அளவு இரட்டிப்பாவதும் தெளிவாயின. மூச்சை ஆட்சிசெய்வது, இயல்பான நிலையில், பிராணவாயுவின் குறைவன்று, கரியமிலவாயுவின் மிகுதியே. அரிப்பின் நூற்றாண்டுப் புதிருக்கு விடை இவ்வாறு கிடைத்தது. மூழ்கியவன் கயிற்றை அசைத்தது பிராணவாயு தீர்ந்ததால் அன்று. குருதியில் ஏறிய கரியமிலவாயு மூளையிலுள்ள சுவாசமையத்தைத் தட்டியெழுப்பியதால்.

இவ்வுண்மை முதலில் ஆறுதலாகத் தோன்றும். உள்ளே பெரும் ஆபத்தை மறைத்து வைத்திருக்கின்றது. பிராணவாயு குறைதலை உடல் நேரே உணர்ந்து எச்சரிப்பது மிகச் சிறிதே. கரியமிலவாயுவே அதற்குக் காவற்காரன். ஒருவன் நீரில் இறங்குமுன் பலமுறை வேகமாக ஆழ்ந்து மூச்சு வாங்கினால், குருதியிற் பிராணவாயு கூடுவது மிகச் சிறிது. கரியமிலவாயுவோ பெரிதும் கழிந்துவிடும். காவற்காரன் உறங்க, வீட்டிற் பொருள் குறைந்துகொண்டேபோகும். மூச்சுமுட்டும் உணர்வு தோன்றுமுன்பே அறிவு மயங்கிவிடும். அமெரிக்க மருத்துவர் அல்பேட் கிரேய்க் 1961 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில், வல்ல நீச்சற்காரரே இவ்வாறு நீருள் மயங்கிய நிகழ்ச்சிகளைத் தொகுத்து இக்காரணத்தை விளக்கினார்.

ஆழம் இவ்வாபத்தை மேலும் வளர்க்கும். ஒன்பது பாகம், அஃதாவது ஏறக்குறைய 16 மீற்றர் ஆழத்தில், நீரின் பாரத்தொடு சேர்ந்த அமுக்கம் கரையிலுள்ளதைப்போல இரண்டரை மடங்குக்கு மேற்பட்டது. அவ்வமுக்கத்தாற் சுவாசப்பையிலுள்ள பிராணவாயு குருதிக்குள் நன்றாகச் செல்லும். மூழ்கியவன் கீழே நலமாகவே இருப்பான். மேலெழும்போது அமுக்கம் விரைந்து குறைய, எஞ்சிய பிராணவாயுவின் வலியும் உடனே வீழும். நீர்மட்டத்தை அணுகும் கடைசிச் சில பாகங்களிலேயே மயக்கம் நேர்தல் இதனால். கொரியாவிலும் யப்பானிலும் மூச்சடக்கி மூழ்கிக் கடல்வளம் எடுக்கும் பெண்களைச் சுக் கி ஹொங், ஹேர்மன் றான் முதலியோர் 1960 களில் ஆராய்ந்து, சுவாசப்பைக் காற்று ஆழத்தில் மாறும் முறையை அளந்து காட்டினர். அப்பெண்களுட் சிலர் பாரம் கட்டி இறங்குவர். தோணியில் நிற்கும் கணவனோ உறவினனோ கயிற்றால் இழுத்தெடுப்பான். கடல் வேறு, மொழி வேறு. அரிப்பின் கயிறு அங்கும் உண்டு. மேலெழுந்ததும் அவர்கள் சீழ்க்கைபோல் ஒலியெழுப்பி மூச்சுவிடுதலும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் பழக்கம்.

கடலிற் கண்ட இவ்வுண்மை வைத்தியசாலையில் எவ்வாறு உயிர்காத்தது என்பதை இனிக் காண்போம். 1952 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டென்மார்க்குத் தலைநகராகிய கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவிற்று. மூச்சுத்தசைகள் செயலற்ற நோயாளர் நாள்தோறும் பிளேக்டாம் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். முதல் மூன்று வாரங்களில் இயந்திரத் துணையோடு பராமரிக்கப்பட்ட 31 பேருள் 27 பேர் இறந்தனர். பிராணவாயு கொடுக்கப்பட்டதால் நோயாளரின் உடல் நீலம்பாரிக்கவில்லை. மூச்சுப் போதாமை வெளியே தெரியவில்லை. குருதியைச் சோதித்தபோது கரியமிலவாயுவின் மொத்த அளவு மிகக் கூடியிருந்தது. அதனைக் காரத்தன்மையின் மிகுதி என மருத்துவர்கள் பிழையாகக் கொண்டனர்.

மயக்கமருந்து வல்லுநராகிய பியோர்ன் இப்சன் அழைக்கப்பட்டார். அவர் அதே எண்ணை வேறுவகையாகப் படித்தார். நோயாளரின் சுவாசம் போதாமையாற் கரியமிலவாயு வெளியேறாது தேங்குகின்றது, குருதி அமிலமாகின்றது, அதுவே சாவுக்குக் காரணம் என்றார். ஆகஸ்ட் மாத இறுதியில், இறக்குந்தறுவாயில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தொண்டைக்குக் கீழே துளையிட்டுக் குழாய் செருகி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும், நோயாளரின் அருகிருந்து பையை அமுக்கினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிற்று. அவ்வைத்தியசாலையின் ஆய்வுகூடத் தலைவர் போல் அஸ்ற்றுப், குருதியின் அமிலத்தன்மையை விரைந்து அறியும் முறையை வகுத்தார். இன்றைய அதிதீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்தது இங்கேதான் என்பர். எண் ஒன்றே, ஒரு பொருளிற் படித்தபோது நோயாளர் மாண்டனர், வேறு பொருளிற் படித்தபோது வாழ்ந்தனர். அளத்தல் மட்டும் போதாது, அளந்ததன் பொருளை அறிதலும் வேண்டும் என்பது இவ்வரலாற்றின் பாடம்.

இதன்பின் கருவிகள் விரைந்து வளர்ந்தன. அமெரிக்காவில் றிச்சாட் ஸ்ரோ 1954 ஆம் ஆண்டிற் குருதியிலுள்ள கரியமிலவாயுவை அளக்கும் மின்வாய் ஒன்றைச் சிந்தித்தமைத்தார். ஜோன் செவரிங்ஹோஸ் அதனைத் திருத்தி வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஆயின் குருதியை எடுத்துச் சோதித்தல் அவ்வப்போது செய்யத்தக்கதேயன்றி, ஒவ்வொரு மூச்சுக்கும் செய்யத்தக்கதன்று. ஒவ்வொரு மூச்சையும் அளக்கும் வழி ஒளியிலிருந்து வந்தது.

ரெனன்றின் இலங்கை நூல் வெளிவந்த அதே 1859 ஆம் ஆண்டில், அதே இலண்டனில், ஜோன் ரிண்டல் என்னும் விஞ்ஞானி, கண்ணுக்குப் புலனாகாத வெப்பக்கதிர்களைக் கரியமிலவாயு உறிஞ்சுகின்றது என்பதைச் சோதித்தறிந்தார். சில ஆண்டுகளின்பின் அம்முறையாலேயே மனித மூச்சிலுள்ள அவ்வாயுவின் அளவையும் மதிப்பிட்டார். 1930 களின் பிற்பகுதியில் ஜேர்மனியிற் கார்ல் லுவ்ற் இத்தத்துவத்தைக் கொண்டு தொழிற்சாலைகளுக்கான வாயுமானியை அமைத்தார். அது பின்னர் வைத்தியசாலைக்குட் புகுந்தது. நோயாளியின் மூச்சுக்குழாயை ஒட்டிய சிறு அறையினூடாகச் செந்நிறக்கீழ்க் கதிர் பாய்ச்சப்படும். கரியமிலவாயு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு கதிர் உறிஞ்சப்படும்; மறுபக்கத்து உணரி எஞ்சிய கதிரை அளக்கும். நாம் உள்ளிழுக்கும் காற்றில் இவ்வாயு நூற்றுக்கு 0.04 பங்கே, மூச்சின் முடிவில் வெளிவருவதில் ஏறக்குறைய 5 பங்கு. அமுக்கமாகக் கூறின், மூச்சின் முடிவில் 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம் என்பது இயல்பளவு. ஹோல்டேன் குழாயிற் பிடித்த மூச்சின் கடைசிப் பகுதியையே இக்கருவி ஒவ்வொரு மூச்சிலும் பிடிக்கின்றது.

கப்னோகிராபு என்பது கருவியின் பெயர். கிரேக்கமொழியிற் கப்னோசு என்றால் புகை. உடலின் உள்நெருப்பு விடும் புகையை வரைவது என்னும் பொருள் நன்கு பொருந்துகின்றது. மூச்சு வெளிவரும்போது திரையிற் கோடு உயர்ந்து, மேடைபோற் சமமாக நின்று, உள்ளிழுக்கும்போது வீழும். மூச்சுக்குழாய் தவறி இரைப்பைக்குச் செல்லும் வழியிற் செருகப்பட்டிருந்தால் அலை தொடர்ந்து எழாது, உடனே அறியலாம். சுவாசக் குழல்கள் சுருங்கினால் மேடை சாய்வாகும். குழாய் கழன்றால் கோடு அக்கணமே தட்டையாகும். ஒல்லாந்து நாட்டு மருத்துவர் போப் ஸ்மல்ஹவுற் இவ்வலைவடிவங்களைத் தொகுத்து 1975 ஆம் ஆண்டில் நூலாக்கினார். 1986 ஆம் ஆண்டில் அமெரிக்க மயக்கமருந்து வல்லுநர் சங்கம் நோயாளியை இடைவிடாது கண்காணிப்பதற்கான விதிகளை வகுத்தது.

விரல்நுனியில் மாட்டும் வேறொரு கருவியை இன்று பலரும் அறிவர். யப்பானியர் அவோயாகி 1970 களின் தொடக்கத்திற் கண்ட தத்துவத்தால் அது குருதியின் பிராணவாயு நிறைவைக் காட்டும். இவ்விரண்டில் ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என எண்ணுதல் கூடாது. பிராணவாயு நிறையப் பெற்ற நோயாளியின் மூச்சு நின்றால், விரற்கருவி சில நிமிடம்வரை நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கப்னோகிராபு முதல் மூச்சுத் தவறியவுடனே கூறும். கொப்பன்ஹேகன் நோயாளரிற் பிராணவாயு போதியதாயிருக்கக் கரியமிலவாயு தேங்கிற்று. ஆழ்ந்து மூச்சுவாங்கி மூழ்குவோனிற் கரியமிலவாயு குறைந்திருக்கப் பிராணவாயு தீர்கின்றது. ஒன்றின் நிலை மற்றதன் நிலைக்குச் சான்றாகாது. 2020, 2021 ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றிற் சிலர் மூச்சுமுட்டலே இன்றிப் பேசிக்கொண்டிருக்க, அவர்தம் பிராணவாயு அபாயமாக வீழ்ந்திருந்ததை நாம் கண்டோம். அவருட் பலரிற் கரியமிலவாயு தேங்காதிருந்ததனால், உடலின் பெரிய எச்சரிக்கை எழவில்லை. சிறு விரற்கருவியே அவருட் பலரை நேரத்தோடு வைத்தியசாலைக்கு அனுப்பிற்று.

பெருஞ்சலாபங்கள் 1925 ஆம் ஆண்டோடு முடிவுற்றன. ஆயினும் வடபகுதிக் கரைகளில் மூழ்குதல் முடிவுற்றிலது. சங்கும் கடலட்டையும் எடுப்போர் இன்று காற்றடைத்த உருளைகளைச் சுமந்து இறங்குகின்றனர். அவர்க்குரிய ஆபத்து வேறு: அமுக்கத்தில் நெடுநேரம் இருந்து விரைந்து எழுந்தால், குருதியிற் கரைந்த நைதரசன் குமிழாகி மூட்டையும் முள்ளந்தண்டையும் தாக்கும். படிப்படியாக எழுதற்கான கால அட்டவணையை 1908 ஆம் ஆண்டில் முதன்முதல் வகுத்தவரும் முன்னர்க் கூறிய ஹோல்டேனே. அவ்வட்டவணையின் அறிவு, உருளை சுமக்கும் ஒவ்வோர் இளைஞனுக்கும் எட்டுதல் வேண்டும்.

உருளையின்றிக் குளத்திலும் கேணியிலும் கடலிலும் மூச்சடக்கிப் போட்டியிடும் மாணவர் நம்மிடையே பலர். அவருக்கு இக்கட்டுரை கூறவேண்டியது ஒன்றுண்டு. மூழ்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சு வாங்குதல் வலிமையைக் கூட்டும் உபாயமன்று. எச்சரிக்கையை அழிக்கும் உபாயம். மூச்சுமுட்டவில்லை என்பது பிராணவாயு உண்டு என்பதற்குச் சான்றன்று. தனியே ஒருபோதும் மூழ்கற்க. மேலே ஒருவர் கண்ணிமையாது நிற்றல் வேண்டும். அரிப்புத் தோணியிற் கயிறு பிடித்து நின்றவனைப் போற்றாமல் முத்தை மட்டும் போற்றுவோர், அத்தொழிலின் பாதியையே அறிந்தவராவர்.

ஏழு நிமிடக் கதையை நம்பியவர்க்கு மனித மூச்சின் எல்லை தெரியவில்லை; நேரம் குறித்த ஸ்ரூவாட்டுக்குத் தெரிந்தது. காரத்தன்மை என்று கொண்டவர்க்கு நோயாளரின் இடர் தெரியவில்லை. எண்ணை ஆராய்ந்து படித்த இப்சனுக்குத் தெரிந்தது. உடலின் உணர்வும் உலகின் கேள்வியும் சிலவேளை மெய்யும் சிலவேளை பொய்யும் கூறும்; அளந்து, அளந்ததை ஆராய்ந்து துணிதலே உயிர்காக்கும். மயக்கத்திற் கிடக்கும் நோயாளியும் கடலடியில் இருக்கும் மூழ்குவோனும் தம் நிலையைத் தாமே வாய்திறந்து கூறமாட்டாதவர். அவர்பொருட்டுத் திரையில் எழும் அலை, நல்ல கருவியேயாயினும், கயிற்றின் ஒரு நுனி மட்டுமே. மறுநுனியில் விழிப்பான ஒரு கை இருத்தல் வேண்டும். அக்கையைப் பயிற்றுவதே கல்வியின் கடன்.